அருளப்பனின் ஆயுள்

ஈரத் துண்டு மெத்தையின் நடுவில் கிடந்தது. ஏசுவதற்கு வாயைத் திறந்த வேதமணி, காலையில் வாட்ஸ்அப்பில் படித்தது நினைவுக்கு வர, மூடிக்கொண்டாள்.

நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துபோகிறார்களாம். ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் கணவர் அருளப்பன், ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டர், மழை பெய்தால் வெள்ளம் வரும் என்பார். வெயில் அடித்தால் பஞ்சம் என்பார். இனி இந்த மனுஷனைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாள்.

"துண்டு கெடக்கட்டும். நான் எடுத்துக்கிடுதேன்" என்று சிரித்தாள்.

அருளப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

சிரிப்பு மட்டும் பத்தாது போல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்தாள்.

"எதுக்குட்டி இம்புட்டு?"

"ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க. போறப்போ எதைக் கொண்டு போகப் போறோம்?"

ஒரு வாய் பால்கோவாவைப் பத்து நிமிடம் மென்றார்.

ஆள் மேலும் வாடினார். எட்டு வருஷமாகப் பேச்சில்லாத அவர் தம்பியைத் தளவாய்புரத்திலிருந்து அவளே போன் போட்டு வரவழைத்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அருளப்பன் விக்கி விக்கி அழுதார்.

மறுநாள் காலை வேதமணியைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்.

"இந்த மோட்டார் சுவிட்சை ரெண்டு தடவை போட்டாத்தான் பிடிக்கும். தெரிஞ்சு வச்சுக்கோ."

படித்தது அப்படியே நடக்கிறதே! வேதமணி ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சாருக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"மனசு ஒடிஞ்சவங்க சீக்கிரம் போயிருவாங்கன்னு வாட்ஸ்அப்புல போட்டிருந்துச்சே, சார்?"

"ஏற்கெனவே உடம்புக்கு முடியாதவங்களுக்கும் மனசு ஒடியத்தான் செய்யும். எதுனால எது வந்துச்சுன்னு பாக்க வேண்டாமா?"

வேதமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். நர்ஸ் வெள்ளத்தாய் ரிப்போர்ட்டும் கையுமாக எதிரே வந்தாள்.

"எக்கா, நீங்களே வந்து சொல்லுங்க. ரிப்போர்ட்டைக் காமிச்சாலும் நம்ப மாட்டேங்காரு. 'எனக்கு ஒண்ணுமில்லன்னா, எம் பொண்டாட்டி ஏன் பதினஞ்சு நாளா என்னைய ஏசவே இல்ல?'ன்னு கேக்காரு."