குசினியில் குடியிருந்த இன்ஜின்

மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நம்பியவர் பூமியின் தெற்குப் பாதியில் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் எனக்குத்தானா அறைவாசியாக வாய்க்க வேண்டும் என்று எழுபதுகளில் நான் முறையிடாத தெய்வமில்லை. பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். ஆனால் அப்போது சிட்னியில் இருந்த கொஞ்சநஞ்சத் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் 'பின்லாந்து அண்ணை'.

நான் திருச்சிக்காரன், அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போனவர், பின்லாந்தில் ஒரு துறைமுகத்தில் ஊர் பார்க்க இறங்கினார். திரும்ப ஏறவில்லை. அங்கே ஒரு கராஜில் வேலை பார்த்து, மோட்டார் சைக்கிள் ரேஸ் கிறுக்குப் பிடித்து, சில வருடம் ரேஸும் ஓட்டியிருக்கிறார். பிறகு, "கொஞ்சக் காலம் உழைச்சுப்போட்டு அடுத்த சீசனுக்குத் திரும்பி வாறன்" என்று அங்கிருந்த சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளையும் பெட்டியில் போட்டு ஆணியடித்துக்கொண்டு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். எந்த அடுத்த சீசன் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை போலிருக்கிறது.

நான் அவரை முதலில் பார்த்தது சிட்னியில் எங்கள் பேட்டையான ஹோம்புஷ் ரயில் நிலையத்தில். ஒரு மனிதர் மோட்டார் சைக்கிள் சக்கரத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினார். நிறத்தைப் பார்த்து, வாய் சும்மா இருக்காமல், "தமிழா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஓம் தம்பி. இதைக் கொஞ்சம் பிடியும், சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு."

அவர் ஷூ லேஸைக் கட்டி முடிக்கிறவரை பிடித்தேன். அன்று பிடித்ததுதான். அடுத்த மாதமே அவரும் சக்கரமும் என் ஃபிளாட்டில் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. அது ஆஸ்திரேலியக் குளிர்காலம். வண்டி கீழே கொட்டகையில் நின்றது. பல் கிட்டிப்போகிற குளிரில் அவர் மட்டும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு திரிந்தார். அக்டோபர் வந்தது. மரமெல்லாம் பூத்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் மூடி வைத்திருந்த வண்டிகளை வெளியே எடுத்தார்கள். நம்மவர் அன்றைக்குத்தான் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். மாலையில் வேலை முடிந்து வந்தால், குசினி (சமையலறைக்கு அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் ஒட்டிக்கொண்ட பெயர்) நடுவில் செய்தித்தாள் விரித்து இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணே, என்ன இது?"

"குளிர்காலம் வருகுதெல்லே. கராஜிலை விட்டால் இன்ஜின் விறைச்சுப் போயிடும். அங்கை எல்லாரும் குசினிக்குள்ளைதான் வைப்பினம். வீட்டிலை சூடான இடம் அதுதானே."

"அண்ணே, இப்ப வரப்போறது வெயில் காலம்!"

"இங்கை," என்றார், ஏதோ அது இங்கத்திய மனிதர்கள் செய்கிற ஒழுங்கீனம் மாதிரி. "நான் சொல்லுறது அங்கத்தைச் சீசன். மே மாதம் தொடங்கும், செப்டம்பரிலை முடியும். மிச்சமெல்லாம் பனி."

நெருப்பாய்க் கொளுத்துகிற டிசம்பரில், மின்விசிறியை இன்ஜின் பக்கம் திருப்பக்கூடாது, அதற்கு ஆகாது என்று சண்டை பிடித்தவர் அவர். கார்புரேட்டர் கரண்டி டிராயரில் படுத்திருக்கும். பேரிங் மாட்ட வேண்டுமென்று இன்ஜின் கூட்டை கேக் சுடுகிற 'அவன்' அடுப்புக்குள் வைத்துச் சூடுபண்ணுவார். அதற்கப்புறம் நான் எதைச் சுட்டாலும் ஆயில் வாசனைதான் வரும். என் அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பானையில் ஒருநாள் மூடியைத் திறந்தால், மண்ணெண்ணெயில் இரண்டு பிஸ்டன் ஊறிக்கொண்டிருந்தது. குசினிக்குள் போக வேண்டுமானால் கியர்பாக்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை அரை அங்குலம் நகர்த்தினாலும், "ஆர் தம்பி இதிலை கை வைச்சது?" என்று ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும்.

சாப்பிட உட்கார்ந்தால் பிரசங்கம். வட தேசங்களில் ரோட் ரேஸ் படுகிற பாடு பற்றி. எனக்கு சைக்கிளே நேராக ஓட்ட வராது. ஆனால் காவிரித் தகராறைவிட பின்லாந்து ரேஸ்காரர்களின் கஷ்டம் எனக்கு அத்துப்படி. வருடத்தில் நாலைந்து மாதம்தான் ரோடு கண்ணுக்குத் தெரியும். ஒழுங்கான ரேஸ் பாதை ஒன்றிரண்டுதான். மற்றபடி ஊர்த் தெருவை அடைத்துவிட்டு ஓட்ட வேண்டும். இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கருங்கல், நடுவில் விளக்குக் கம்பம், அதைச் சுற்றி வைக்கோல் கட்டு. உண்மையான ரேஸ் ஓட்ட வேண்டுமானால் கப்பலேறிக் கடல் தாண்டி, வேனில் நாள்கணக்காகத் தெற்கே போக வேண்டும். வேனிலேயே தூங்கி, வேனிலேயே சமைத்து, போய்ச் சேரும்போது ஓட்டத் தெம்பிருக்காது. அந்த ஊர்ச் சனத்துக்கோ பனிச்சறுக்கும் காட்டுக்குள் ஓட்டுகிற கார் ரேஸும்தான் உயிர். ரோட் ரேஸுக்கு நாதியில்லை.

"ஒரு இடத்திலை ரேஸ் ஓடுற ரோட்டுக்குக் குறுக்காலை ரயில் பாதை போகும், தெரியுமே?" என்பார்.

"ரயில் வந்தா?"

"நேரம் பாத்துத்தானே ரேஸ் வைப்பினம்."

"ரயில் லேட்டா வந்தா?"

என்னை ஒரு பார்வை பார்ப்பார். "அது உங்கடை ஊர் ரயில் தம்பி."

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மே மாதம் பிறந்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அங்கே பனியில் வண்டி வழுக்காமல் இருக்க ரோட்டில் மணல் தூவுவார்களாம். பனி கரைந்த பிறகு மணல் மட்டும் திருப்பங்களில் கிடக்கும், சக்கரத்தை வாரிவிடும். அதனால் சீசன் ஆரம்பத்தில் ரேஸ்காரர்களே போய்ப் பெருக்குவார்களாம். ஹோம்புஷ் பிறந்த நாளிலிருந்து அங்கே பனி விழுந்ததில்லை. ஆனாலும் எங்கள் தெருத் திருப்பத்தை அவர் பெருக்குவார். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "உங்கள் நண்பர் கவுன்சில் ஆளா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் அவர் தன் வீட்டு வாசல் சாக்கடை அடைத்திருப்பதாக அண்ணையிடம் புகார் கொடுத்தார். அண்ணை அதையும் போய்ச் சுத்தம் செய்துவிட்டு வந்தார்.

இப்படியிருக்கையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருச்சிக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு வந்தேன். சரோஜாவுக்கு விசா வந்து, அவள் டிசம்பரில் வந்து சேர்வதாக ஏற்பாடு. என் தலையில் ஒரே கவலைதான்: அவள் வலது காலை வைப்பதற்கு முன் அந்த இன்ஜின் குசினியை விட்டு வெளியேற வேண்டும்.

"அண்ணே, பொண்டாட்டி வர்றா."

"நல்ல விசயம். நான் பிளாக்டவுன் பக்கம் ஒரு அறை பாத்துக்கொண்டு போறன். புதுசாக் கலியாணம் கட்டினதுகளுக்கு நடுவிலை நான் என்னத்துக்கு?"

"ரொம்ப நல்லது. எப்ப போறீங்க?"

"மே மாதம்."

"அண்ணே!"

"பிரிச்ச இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போகேலாது தம்பி. ஒரு சின்னச் சாமான் துலைஞ்சாலும் போச்சு. எல்லாத்தையும் திரும்பப் பொருத்திப் பூட்டித்தான் கொண்டு போகோணும். சீசன் தொடங்காமல் எப்பிடிப் பூட்டுறது?"

கெஞ்சினேன். கத்தினேன். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை, பிரசங்கம் பாட்டுக்கு நடந்தது.

சரோஜா வந்தாள். மாமியார் கொடுத்த முறுக்கு டின்னோடு குசினி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் மெதுவாக, "இதுல அடுப்பு எது?"

அதோடு சரி. மறுநாளிலிருந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கியர்பாக்ஸைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அண்ணை நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிஸ்டனைத் துடைப்பார், அவள் கத்தரிக்காய் நறுக்குவாள், பிரசங்கம் கேட்க எனக்குப் பதில் புதிதாக ஒரு காது கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் கண்ணைப் பறிக்கிறது. வெளியே தெருவில் யாரோ இரண்டு மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் பறந்து போனார்கள்.

சரோஜா கேட்டாள்: "ஏன் அண்ணா, எல்லாரும் ஓட்டிக்கிட்டுத்தான இருக்காங்க. நீங்க மட்டும் ஏன் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கீங்க?"

"சீசன் இல்லைத் தங்கச்சி."

"யாருக்கு சீசன் இல்ல?"

எத்தனையோ சண்டை போட்ட எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதேயில்லை. அண்ணை பிஸ்டனை அப்படியும் இப்படியும் திருப்பினார். துடைத்ததையே துடைத்தார்.

"திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார் கடைசியில். "இங்கத்தைச் சீசனுக்கு நான் மாறினன் எண்டால், இனி அங்கை போறேல்லை எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பிறகு நான் வெறும் ஹோம்புஷ்காரன்."

ஒப்புக்கொண்டு தொலைங்களேன் ஐயா என்று நாக்கு நுனிவரை வந்தது. சரோஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டை அவர் முன் நீட்டினாள்.

"மணி என்ன பாருங்க."

அவர் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். "உம்மடை மணிக்கூடு பிழை."

"பிழையில்ல. இது திருச்சி மணி. அம்மா இப்பத்தான் காப்பி போடுவாங்க. இதைத் திருப்பிட்டேன்னா அம்மா இந்நேரம் என்ன செய்றாங்கன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

இவள் வந்து இறங்கிய நாளிலிருந்து கடிகாரத்தைத் திருப்பவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு கிறுக்கைச் சமாளிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவன், இன்னொன்றை விமானத்தில் வேறு வரவழைத்திருக்கிறேன்!

அண்ணை பிஸ்டனைச் செய்தித்தாள் மேல் வைத்தார். அப்புறம் சரோஜா, "நீங்க அதைப் பூட்டுங்க, நான் இதைத் திருப்பறேன்," என்றாள்.

"நீர் முதலிலை திருப்பும்."

"நீங்க முதல்ல பூட்டுங்க."

"சின்னப் பிள்ளைகளா நீங்க!" என்று நான் போட்ட கூச்சலை இருவரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு ஆயிற்று. தினமும் மாலையில் அவர் ஒரு பாகத்தைப் பூட்டுவார், அவள் முள்ளைக் கொஞ்சம் தள்ளுவாள். அவர் ஏமாற்றுகிறாரா என்று அவளும், அவள் ஏமாற்றுகிறாளா என்று அவரும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அவள் கடிகாரம் திருச்சிக்கும் சிட்னிக்கும் நடுவில் எங்கோ கடலில் மிதந்தது. அவள் சினிமாவுக்குக் கிளம்புகிற நேரம் யாருக்கும் புரியவில்லை. சிலிண்டர் தலை ஏறி, கடைசி நட்டு இறுகிய அன்று அவள் முள்ளும் சிட்னிக்கு வந்து சேர்ந்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரியில் பிளாக்டவுனுக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு கிளப் ரேஸ். அண்ணை பேர் கொடுத்துவிட்டார். நாங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனோம். எல்லோரும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருக்க, நம்மவரைக் காணோம். பார்த்தால் முதல் திருப்பத்தில் விளக்குமாறோடு நிற்கிறார்! பொறுப்பாளர் ஒருவர் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவரை வெளியேற்றினார். அந்த ஆளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது நான் தயிர்சாதத்தில் கவனமாக இருந்தேன். சரோஜா கையைத் தூக்கினாள்.

ஓட்டத் தெரிந்தவர் என்பது முதல் சுற்றிலேயே புரிந்துவிட்டது. அத்தனை வருடம் மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் நெளிந்தவருக்கு அந்தப் பாதை மைதானமாக இருந்தது. நான் எழுந்து நின்று என்னென்னவோ கத்தினேனாம், சரோஜா பிற்பாடு சொன்னாள். நாலாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் தண்ணீர். வியர்வைதான் என்றார், நாங்களும் கேட்கவில்லை.

"நல்ல ரோட்டு," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பனியில்லை, மணலில்லை, ரயிலில்லை. தோத்தால் சாட்டுச் சொல்ல ஒண்டுமேயில்லை. இங்கை ஓடுறதுதான் கஷ்டம் தம்பி."

அடுத்த வாரமே பிளாக்டவுனில் ஒரு கராஜுக்குப் பின்னால் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். "போட்டு வாறன்" என்று விடைபெற்றுக்கொண்டு, விளக்குமாற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயிலில் வண்டியைக் கிளப்பினார். நான் குசினியை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இட்லிப் பானையைப் புளி போட்டு விளக்கினேன். அவன் அடுப்பைத் திறந்து வைத்து ஆயில் வாசனையை விரட்டினேன். ஒழிந்தது சனி என்று பெரிதாக ஒரு பெருமூச்சும் விட்டேன்.

மறுநாள் காலையில் காப்பி எடுக்கக் குசினிக்குள் போனேன். சரோஜா அடுப்படியில் நின்றபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமில்லீங்க," என்றாள். "சும்மாவே நடந்து வரலாம்."

அந்த ஃபிளாட்டைக் காலி செய்கிறவரைக்கும் நான் கியர்பாக்ஸ் கிடந்த அந்த இடத்தைத் தாண்டித்தான் போனேன்.