பாதிதான் புரியும் என்றார்கள்

மனைவிக்குக் காது திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் முழுசாகக் கிடைத்துவிடக் கூடாது. இதுதான் அப்போது என் பிரார்த்தனை. அயோக்கியன் என்று முடிவு கட்டுமுன் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயிற்று. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினாள். நாளாக ஆக எனக்கொரு வசதி புலப்பட்டது. முதுகைத் திருப்பிக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்! வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான். தொட்டியைப் பார்த்தபடி அவளையும் அவள் தம்பியையும் வாய் வலிக்கத் திட்டுவேன். மனசு லேசாகிவிடும். பாத்திரமும் பளபளக்கும்.

அப்புறம்தான் உள்காதில் கருவி பொருத்தலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, செவித்திறன் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மாவைத் தனியாகப் பிடித்தேன்.

“பேச்சு எவ்வளவு புரியும் மேடம்?”

“அடிச்சுச் சொல்ல முடியாது சார். காது போய் எவ்வளவு நாளாச்சு, மிச்சம் எவ்வளவு கேக்குதுன்னு பாத்து ஒரு கணிப்புதான். இவங்களுக்குப் பாதி வார்த்தை புரியலாம்.”

பாதி! பாதித் திட்டை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர முடியாது.

கருவி வந்தது. எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். எதைச் சொன்னாலும் “ஆங்? என்னது?” என்பாள். கணிப்பு வாழ்க! நான் தொட்டிப் பக்கம் திரும்பித் தொழிலைத் தொடர்ந்தேன்.

சில மாதம் கழித்துப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் அவள். ஸ்பீக்கரில் வந்த வாக்கியங்களை மடமடவென்று திருப்பிச் சொன்னாள்.

“நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல! எங்க கணிப்பே தப்பாப் போச்சே!” என்றார் ஆடியாலஜிஸ்ட், அவள் வெளியே வந்ததும். “அப்படி என்னம்மா பயிற்சி எடுத்தீங்க?”

“எல்லாம் இவரு புண்ணியம் மேடம். உதடு தெரியாமத் திரும்பி நின்னு, தண்ணி சத்தத்துல, மெதுவா, தினமும் பேசுவாரு. மொதல்ல என் தம்பியப் பத்தின்னு மட்டும் புரிஞ்சுது. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாப் புடிபட்டுது.”

“அப்போ ஏன்டி ஆங் ஆங்னே?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

“தெரிஞ்சா நிறுத்திடுவீங்களே!”

எத்தனை வருஷம் கழித்து என் முணுமுணுப்புக்கு ஒரு பதில்! மானம் போன கையோடு சந்தோஷத்தில் கண்ணும் கலங்கிவிட்டது.

ஆடியாலஜிஸ்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “விட்டுடாதீங்க சார். தினமும் பண்ணுங்க.”

விடவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் திட்டுகிறேன். திட்ட விஷயம் கிடைக்காமல் திணறும் நாட்களில், பின்னாலிருந்து அவளே எடுத்துக்கொடுக்கிறாள்.