ரவுட்டர் மாட்டப் போய் மாட்டிக்கொண்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்த கையோடு, வீட்டு இன்டர்நெட்டைத் தன் ஆளுகைக்குக் கீழே கொண்டுவந்துவிடுவது என்று அழகுராஜா முடிவு கட்டினார்.

காரணம் இருந்தது. காரைக்குடியில் அவர்கள் குடியிருந்தது பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றிலும் ஆள் படுத்துப் புரளலாம், அவ்வளவு கனம். தொலைபேசிக் கம்பி வழியாக வருகிற நெட்டு முன்கூடத்து மோடத்தில் இறங்கும். இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். பின்கட்டுக்கு வராது. செல்போன் சிக்னலோ மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். கிடைக்கிற கொஞ்சநஞ்ச நெட்டையும் மனைவி மீனாள் எடுத்துக்கொள்வாள். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு, கந்தரப்பம், சீப்புச்சீடை என்று நாற்பது பேருக்கு வீடியோவில் பலகாரம் சொல்லிக்கொடுக்கிறாள்.

இன்றைக்கு அதே நாலு மணிக்குக் கிரிக்கெட் இறுதி ஆட்டம். போன தடவை கடைசி ஓவரில், பந்து வீச ஓடிவந்தவர் ஒற்றைக்காலைத் தூக்கியபடி திரையில் உறைந்துபோனார். அழகுராஜா அந்தக் காலையே இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே புது ரவுட்டர். மூன்று கொம்பு. மோடத்தோடு சேர்த்துவிட்டால் கொல்லை வரைக்கும் நெட்டு பாயும். பாஸ்வேர்டு அவர் கையில் இருக்கும்.

"ஏங்க, கடைக்காரரையே வந்து மாட்டித் தரச் சொல்லலாமுல்ல?" என்றாள் மீனாள்.

"வேளாண்மைத் துறையில இருபத்தாறு வருசம் ஆச்சு. எத்தனை ஆயில் இன்ஜினைப் பிரிச்சிருக்கேன் தெரியுமா? இது சுண்டைக்காய்."

"பிரிச்சீக, சரி. திருப்பி மாட்டுனீகளா?"

அது அவர் காதில் விழவில்லை. மீனாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல வான்னு எழுதியிருக்கே. மொட்டைமாடிக்குக் கொண்டு போகணுமோ?"

அழகுராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப் பைத்தியமே! வான்னா ஆகாயமில்ல. மோடத்து வயரைச் சொருகுற ஓட்டை. நீ போயி பருப்பை வறு."

முதல் வேலையாக, யாரும் தன்னைத் தாண்டிப் போய்விடக் கூடாதென்று மோடத்தின் வைஃபையை அணைத்தார். பிறகு வயரைச் சொருகினார். புது வைஃபைக்கு 'அழகுராஜா கோட்டை' என்று பெயர் சூட்டினார். போன் உடனே கோட்டைக்குள் நுழைந்தது. நுழைந்து, 'இன்டர்நெட் இல்லை' என்றது.

அணைத்துப் போட்டார். பிடுங்கிச் சொருகினார். கொம்புகளைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார், ஒன்றோடொன்று முட்டவைத்தார். வானத்தில் மேகம் திரண்டு மோடம் போட்டால் மழையாவது வரும். கூடத்தில் மோடம் போட்டும் ஒரு சொட்டு வரவில்லை. சரி, பழையபடியே மோடத்தின் வைஃபையைப் போட்டுவிடலாமென்று போனில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால், ரவுட்டரின் பக்கம் வந்து நின்றது. சொந்த வீட்டுக் கதவைத் தட்டினால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதுபோல.

பதினொரு மணிக்கு மீனாள் வந்தாள். "ஏங்க, நாலு மணிக்கு நாப்பது பேரு காத்திருப்பாக."

"அவசரப்படாதே. கொஞ்சம் செட்டாகட்டும்."

"செட்டாக அது என்ன சிமெண்டா?"

அவர் முகம் தொங்கிப்போனது. மீனாளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பில்லைங்க. பிள்ளையாரைக் கும்பிடாமப் பெட்டியைப் பிரிச்சுட்டீக. நடை சாத்துறதுக்குள்ள பிள்ளையார்பட்டி போயி ஒரு செதறுகாய் போட்டுட்டு வாங்க. எல்லாம் சரியாயிரும்."

தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்று வண்டியைக் கிளப்பினார் அழகுராஜா. சன்னிதியில் உருக்கமாகவே வேண்டினார். "அப்பனே, வயரைச் சரியாத்தான் சொருகியிருக்கேன். மிச்சத்தை நீ பாத்துக்க." தேங்காய் சில்லுச்சில்லாகத் தெறித்தது.

ஒன்றரை மணிக்குத் திரும்பினால், கூடத்தில் பச்சை விளக்கு! போனை எடுத்தார். நெட்டு குதித்தோடியது. பிள்ளையார்பட்டித் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா மீனா! அவர் பாதி, நான் பாதி."

"ஆமாங்க, உங்க கைராசி" என்று மோர் கொடுத்தாள் மீனாள்.

நாலு மணி. பின்கட்டில் சாய்வு நாற்காலி, ஒரு தட்டு முறுக்கு. தேசிய கீதம் முடிந்தது. முதல் பந்து வீச ஒருவர் ஓடிவந்தார். நெட்டு நின்றது.

அழகுராஜா அடுப்படிக்கு ஓடினார். அங்கே மீனாளின் போனில் நாற்பது முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அகல்யா பேசிக்கொண்டிருந்தாள்.

"மீனாக்கா, இன்னைக்கு நெட் சூப்பர். காலையில மொட்டைமாடியில நின்னு போன் பண்ணுனீங்களே, நான் சொன்ன மாதிரியே மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் அகல்யா. ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர். ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரரு பாவம் என்ன செய்வாரு? ரவுட்டருக்கு வேற நம்பரு கொடுத்தேன், ஓடிருச்சு."

"சார் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுக பிள்ளையார் செஞ்சாருன்னு இருக்காக. பக்தி நல்லதுதானே?"

நாற்பது கட்டங்களிலும் சிரிப்பு. வாசல்படியில் நின்ற அழகுராஜா தொண்டையைச் செருமினார். மீனாள் திரும்பினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மீனா, என் கோட்டையில நெட்டு நின்னுபோச்சு."

"நிக்கத்தான் செய்யும். விருந்தாளிகளுக்குன்னு தனி வைஃபை வைக்கலாமாம். எனக்கு வேற ஒண்ணு வச்சுக்கிட்டு, உங்க கோட்டையை அதுக்கு விட்டுட்டேன். வகுப்பு நடக்கையில, நாலுலேருந்து ஆறு வரைக்கும் அதுக்கு லீவு."

"நான் இந்த வீட்டுல விருந்தாளியா?"

"ஏன், விருந்தாளிக்கு மரியாதை கொறைச்சலா?"

ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. மானமா, கிரிக்கெட்டா என்று ஒரு கணம் யோசித்தார். கிரிக்கெட்தான். குனிந்து அவள் காதோடு கேட்டார். "உன் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லு."

"கை பூரா மாவா இருக்குங்க. நெய் சூடு ஆறுறதுக்குள்ள உருண்டை பிடிக்கணும். நீங்களும் ரெண்டு பிடிச்சா சுருக்கா முடியும், சொல்றேன்."

உட்கார்ந்தார். பாசிப்பருப்பு மாவில் கொதிக்கிற நெய். உள்ளங்கை பொசுங்கியது. ஊதி ஊதி உருட்டினார். இரண்டு, பத்தாகி, ஐம்பதானது. ஐந்தே முக்கால் ஆனது.

திரையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அக்கா, சார் உருண்டை ரொம்ப அழகா பிடிக்கிறாரே! வாரா வாரம் வருவாரா?"

"வராம?" என்றாள் மீனாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இனிமே அவுகளுக்கு வேற சோலி ஏது?"