யாருடைய பொறுமை?

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிவைத்த ஒற்றை வரியைப் படித்ததும் சண்முகவேலுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. திருச்சுழிப் பள்ளியில் மூன்று வருடமாக இங்கிலீஷ் வாத்தியார். அந்த வரி நல்லபடியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூன் மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எழுதிய மனிதரோ அருப்புக்கோட்டைக்குப் போகும், அடுப்பு மூட்டி ஓட்டும் கரி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஆசிரியர் வகுப்பு நடத்துவதைப் பார்த்தேன் என்று இங்கிலீஷில் எழுதி, வாலில் 'வித் கிரேட் பேஷன்ஸ்' என்று ஒட்டியிருந்தார். மிகுந்த பொறுமையோடு. யார் பொறுமையோடு?

"நடத்துனது நான், பொறுமையும் என்னோடது. அட்வெர்ப் ஃபிரேஸ்," என்றார் சண்முகவேல்.

தலைமையாசிரியர் ஜோதிலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "அட்வெர்ப் ஃபிரேஸ்தான். ஆனா அது 'பார்த்தேன்'ல போய்ச் சேருது. பொறுமையா உக்காந்து பாத்தது அவுக."

சண்முகவேல் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். ஜோதிலிங்கம் பின்னாலேயே ஓடினார். காலையில் இன்ஸ்பெக்டர் முன்னால் நடத்தியதே ஃபிரேஸ் பாடம்தான். 'எப்படி' என்று கேட்டு விடை வந்தால் அட்வெர்ப் ஃபிரேஸ். 'எந்த' என்று கேட்டு வந்தால் அட்ஜெக்டிவ் ஃபிரேஸ். வரியைப் பலகையில் எழுதுவதற்குள் சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. இது என்ன ஃபிரேஸ் என்று பிரம்பை மேசையில் அடித்துக் கேட்டார்.

பையன்கள் குசுகுசுவென்று பேசி முடித்து, ஒரே குரலில் சொன்னார்கள்:

"அட்ஜெக்டிவ் ஃபிரேஸ் சார். எந்த வகுப்பு? மிகுந்த பொறுமையுள்ள வகுப்பு."

மூன்று வருடத்தில் மொத்த வகுப்பும் இலக்கணப் பிழையில்லாமல் சொன்ன முதல் விடை அதுதான். அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது? டஸ்டர் சன்னல் வழியாகப் பறந்தது. ஒரு வாக்கியம் ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு எந்த மடையன் இன்ஸ்பெக்டர் வேலை கொடுத்தான் என்று அவர் போட்ட சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டது. ஜோதிலிங்கம் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தார். அவருக்கும் ரெண்டு விழுந்தது, வாயால்தான்.

பியூன் மொக்கையன் டஸ்டரோடு வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, கரி பஸ்ஸு கெளம்பலையாம். இன்ஸ்பெக்டர் ஐயா அப்பவே திரும்பி வந்து, சன்னலுக்கு வெளியதான் நிக்காக. பொறுமை யாருதுன்னு வெளங்குறாப்புல எழுதித் தாராகளாம், நோட்டக் கேக்காக."