நாற்பது தப்படி நகர்ந்த விறகுக் கொட்டகை

ஹோல்தே பண்ணை,
ஓஸ்தர்டாலென் பள்ளத்தாக்கு,
அக்டோபர் 14.

மழை ஓயாத பெர்கன் நகரில் துருப்பிடிக்காமல் வாழ்ந்துவரும் என் அருமை அக்காள் மகள் இதுனுக்கு, இப்பள்ளத்தாக்கின் விறகுச் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய தோர்லெய்ஃப் எழுதிக்கொண்டது.

இங்கே உன் அத்தை குன்வோர் சுகம். பூனை சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி நான் சொல்வதைக் கேட்பதில்லை. மற்றபடி நானும் சுகம். அங்கே உன் வீட்டுக்காரரும், ஏழு மாதமான குட்டி மகாராணியும் சுகமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் அத்தை மூன்று நாள் பாடிக்கொண்டே திரிந்தாள். வா, தாராளமாக வா. ஆனால் வருவதற்கு முன்னால் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். உதவி என்று சொல்வது தப்பு. இது இரண்டு நாட்டு அரசர்கள் செய்துகொள்ளும் போர் உடன்படிக்கை.

எதிரி யார் என்று கேட்பாய். ஹீட் பம்ப். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் ஒரு குழாய்; வீடு சூடாகிவிடுமாம். விறகு வேண்டாம், கோடரி வேண்டாம், சாம்பல் வேண்டாம். அதாவது நான் வேண்டாம். இந்தப் பேச்சு போன பிப்ரவரியில் ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து விறகு அள்ளிக்கொண்டு வரும்போது நான் வாசலில் விழுந்துவிட்டதாக ஊரெல்லாம் ஒரு வதந்தி உலவுகிறது. நான் விழவில்லை. பனிக்கட்டியோடு பூமி எழுந்து வந்து என்மேல் மோதியது. அரை மணி நேரம் அங்கேயே படுத்து, விறகைக் கீழே போடாமல், கூப்பாடு போட்டேன். சமையலறை ஜன்னலைக் கொட்டகை மறைத்துக்கொண்டிருந்ததால் உன் அத்தைக்கு நான் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டிருக்கிறது. நான் சந்தோஷத்தில் பாடுகிறேன் என்று நினைத்து, அவளும் உள்ளேயிருந்து கூடவே பாடியிருக்கிறாள். இரண்டாம் அடிக்கு நான் சேராததால்தான் சந்தேகப்பட்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து ஹீட் பம்ப், ஹீட் பம்ப் என்று காலை காபியோடும் மாலை சூப்போடும் அதே பேச்சு.

ஏப்ரலில் திடீரென்று குரலை மாற்றினாள். "இங்க பாரு, தோர்லெய்ஃப், அந்தக் கொட்டகையைத் தெற்குச் சுவத்துல இருந்து எடுத்துத் தோட்டத்துக் கடைசியில வை. ஜன்னல் வழியா வெளிய பாக்கணும் எனக்கு. அதை முதல்ல செய், மத்ததை அப்புறம் பேசலாம்" என்றாள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிவது பக்கத்துப் பண்ணை ஓஸ்முண்டின் எருக்குவியலும், டயர் இல்லாத டிராக்டரும்தான். அந்த அழகை ரசிக்க ஆசைப்படும் முதல் மனுஷி இவள்தான். தோட்டத்துக் கடைசி நாற்பது தப்படி தூரமாயிற்றே, ஜனவரியில் அவ்வளவு தூரம் பனியில் நடந்து விறகு சுமக்க வேண்டுமே என்றேன். "அங்கதான் காத்து நல்லா அடிக்கும், விறகு காயும்னு நீதானே சொல்லுவே" என்றாள். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் நான் சொன்னதை அவள் ஞாபகம் வைத்திருந்தது இதுதான் முதல் தடவை. அதோடு, நாற்பது தப்படி சுமக்கும் தெம்பு எனக்கு உண்டு என்று நம்புகிறாளே என்று நெஞ்சு இரண்டங்குலம் விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பூனைமேல் விழுந்தது. அதே வாரம் நீயும் தொலைபேசியில் கூப்பிட்டு, மாமா, கொட்டகை இருக்கும் சுவர் தெற்கா, அதன் அகலம் எவ்வளவு, சுவர் மரமா கல்லா என்று துருவித் துருவிக் கேட்டாய். பிள்ளை பெற்ற ஒரே மாதத்தில் விறகின்மேல் இவ்வளவு அக்கறையா, இவள் அல்லவா என் வாரிசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொட்டகையை நகர்த்த வழக்கப்படி ஊர்க்கூட்டு வேலைக்கு அழைப்பு விட்டேன். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். கூலி கிடையாது, காபியும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளும்தான். அடியில் இரண்டு கழிகளைக் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று பேராக, கூரையோடு அப்படியே தூக்கினோம். ஓர் அரண்மனை எழுந்து நடப்பது போல இருந்தது. இருபது தப்படி போனதும், முன்னால் சுமந்துகொண்டிருந்த ஓஸ்முண்ட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இந்தத் தடவையாவது விறகைப் பட்டை கீழே இருக்கிற மாதிரி ஒழுங்காக அடுக்கு என்றான். இதுன், நம்மாட்கள் சாவு வீட்டில்கூட இரண்டு வார்த்தைக்குமேல் பேசமாட்டார்கள். ஆனால் பட்டை மேலேயா கீழேயா என்று வந்துவிட்டால் நாக்கு தீப்பிடித்துக்கொள்ளும். பட்டை மேலே இருந்தால் அது கூரை மாதிரி மழையைத் தடுக்கும் என்பது என் கட்சி, என் அப்பா கட்சி, அறிவுள்ள எல்லார் கட்சியும். ஈரம் மேலேறிப் போக வழி வேண்டாமா என்பது ஓஸ்முண்ட் கட்சி. இதைக் கையை ஆட்டாமல் பேச முடியாது. கையை ஆட்ட வேண்டுமானால் கொட்டகையை இறக்க வேண்டும். இறக்கினோம். சரியாக உன் அத்தையின் ருபார்ப் பாத்திமேல். இரண்டு மணி நேரம் வாதம். வாஃபிள் தீர்ந்தது. மூன்று பேர் பட்டை மேலே என்று வலப்பக்கமாகவும், மூன்று பேர் பட்டை கீழே என்று இடப்பக்கமாகவும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொட்டகை தோட்டத்து நடுவில் நின்றது.

சமாதானம் பேசி மறுபடி ஆள் திரட்ட மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு வாலாட்டிக் குருவி கூரைச் சட்டத்தில் கூடு கட்டி ஐந்து முட்டை இட்டுவிட்டது. குஞ்சு பறக்கிற வரைக்கும் எவனும் தொடக்கூடாது என்று உன் அத்தை துடைப்பத்தோடு காவல் நின்றாள். ஆனால் குருவிக்கு இவ்வளவு பரிந்தவள், நாளுக்கு நாலு தடவை என்னிடம் "இன்னும் பறக்கலையா, என்னதான் பண்ணுது அதெல்லாம்" என்று கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. குருவிகளுக்கு ஏதோ தேதி குறித்து வைத்த மாதிரி அவசரம். அப்போதிலிருந்தே அவள் போக்கு கொஞ்சம் விசித்திரம்தான். காலியான தெற்குச் சுவரை என்னைச் சுரண்டவைத்து, புதுசாகச் சிவப்புச் சாயம் பூசவைத்தாள். தையல் நாடாவால் அளந்தாள். அங்கே ரோஜா வைக்கட்டுமா என்றேன். "ஒண்ணும் வைக்காதே, சுவரு மூச்சு விடட்டும்" என்றாள்.

ஜூலைக் கடைசியில் குஞ்சுகள் பறந்தன. மிச்ச இருபது தப்படியை ஒருவரும் வாய் திறக்காமல் கடந்தோம். பறவைகளே பயந்து மௌனமாயின. பதினாறு கன மீட்டர் பிர்ச் விறகு. மார்ச்சில் வெட்டி, ஏப்ரலில் பிளந்து, வெயிலில் காயப்போட்டிருந்ததை உள்ளே அடுக்கினேன். சமாதான ஒப்பந்தப்படி இடப்பாதி பட்டை மேலே, வலப்பாதி பட்டை கீழே. அக்டோபர் முதல் தேதி சோப்புப் பரீட்சை. தெரியுமல்லவா, கட்டையின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, மறுமுனையில் வாய்வைத்து ஊத வேண்டும். நன்றாகக் காய்ந்த பிர்ச் என்றால் உள்நரம்பு வழியாகக் காற்றுப் போய் நுரைக் குமிழி வரும். வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் நான் ஊதினேன். குமிழியா அது, ஒவ்வொன்றும் குழந்தைத் தலை பருமன். காற்றில் மிதந்து ஆற்றைத் தாண்டிப் போனது. இந்நேரம் ஸ்வீடனில் இறங்கியிருக்கும். ஓஸ்முண்டும் தன் பாதியிலிருந்து ஊதினான். அவனுக்கும் வந்தது, சின்னதாக, அழுகிற மாதிரி. அவனுடையதுதான் பெரியது என்று சாட்சிகள் சொல்வார்கள். அவர்கள் அவன் போட்ட காபியைக் குடித்தவர்கள்.

ஆக, கொட்டகை நகர்ந்தது, விறகு காய்ந்தது, உன் அத்தை ஏப்ரலுக்குப் பிறகு ஹீட் பம்ப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பயம். முழங்கால் இப்படியே இருந்தால் ஜனவரியில் மறுபடி பேச்சு எழும். அவள் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். அதனால், மருமகளே, கிறிஸ்துமஸ் அன்று கணப்பு அடுப்பின் முன்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, இந்தச் சூடு எந்த இயந்திரத்திலும் வராது" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிடு. இந்த வீட்டில் விறகு எரிகிறவரைக்கும்தான் எனக்கு இங்கே உத்தியோகம். இந்த உலகத்திலேயே எனக்கென்று இருக்கும் ஒரே கூட்டாளி நீதான்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம். குழந்தைக்கு ஆயிரம் முத்தம், தாடி குத்தாதபடி. உன் கூரை ஒழுகாமலும், காலுறை நனையாமலும், அடுப்பு அணையாமலும் நூறு குளிர்காலம் நீ காண வேண்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமா,
தோர்லெய்ஃப்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னல் போட்ட ஒரு பெண் இறங்கி, தெற்குச் சுவரைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக இடம் ஒழித்துச் சாயமும் பூசி வைத்த வீட்டை என் தொழிலில் பார்த்ததே இல்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஜூன் மாதமே வர வேண்டியதாம். கொட்டகை வழியில் நிற்கிறது, குருவி இன்னும் பறக்கவில்லை என்று வீட்டம்மா மூன்று தடவை தள்ளிப்போட்டாராம்; அப்புறம் அக்டோபரில்தான் அடுத்த தேதி கிடைத்ததாம். உள்ளே உன் அத்தை வாஃபிள் மாவை ஏற்கெனவே கரைத்து வைத்திருந்தாள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். சுவரின் திசை, அகலம், மரச் சுவர் என்பதுவரை அதில் இருந்தது. விவரம் கேட்டு எழுதியவர் பெயர், ஏப்ரல் தேதியோடு: இதுன், பெர்கன்.

கையெழுத்துப் போட்டேன்; சாயங்காலத்துக்குள் ஹீட் பம்பின் இரண்டு பெட்டியும் சுவரில் ஏறி, வீடு சூடாகத் தொடங்கிவிட்டது. பூனையைப் பார்த்தேன், அது அதற்குள் உள்பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. உன் அத்தைதான் காபியை ஊற்றிக்கொண்டே பேசினாள். "விறகை எரிக்க வேண்டாம்னு யார் சொன்னா? ஆசைப்பட்டா எரி. குளிருதேன்னு பனியில ஓடி எடுத்துட்டு வராதே, அவ்வளவுதான். பிப்ரவரியில நீ பாடின அந்தப் பாட்டு எனக்கு இன்னொரு தடவை கேக்க வேண்டாம்" என்றாள். பிறகு புதுசாகக் கிடைத்த ஜன்னல் வழியாக ஓஸ்முண்டின் எருக்குவியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொள்கைக்காக அறையின் மறுகோடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழங்கால் மட்டும் எதிரியோடு சேர்ந்துகொண்டு, வலிக்கவில்லை என்று பொய் சொல்கிறது. ஆகவே மேலே கேட்ட உதவி ரத்து. போர் உடன்படிக்கை ரத்து. ஆசீர்வாதத்தில் உன் பங்கில் ஐம்பது குளிர்காலத்தைக் குறைத்திருக்கிறேன். குழந்தைக்கான முத்தம் ஆயிரம் அப்படியே இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று அவளுக்காகக் கணப்பை மூட்டத்தான் போகிறேன், பட்டை மேலே வைத்த இடப்பாதி விறகால். வரும்போது முழங்கால்வரை வரும் பூட்ஸ் கொண்டு வா. கொட்டகை நாற்பது தப்படி தூரத்தில் இருக்கிறது, எனக்குப் பனியில் போகத் தடை. போய் எடுத்து வரப்போவது நீ.