சர்க்கரைப் பெட்டியோடு பொருத படலம்

வாழ்க, லாரி பல ஓட்டித் தழும்பேறிய கையோன்! வாழ்க, மருத்துவர் எவரையும் நம்பாத நெஞ்சினன், மாத்திரை கண்டு முகம் சுளிப்போன், பாகாய் இனிக்கும் தேநீரை மனையாள் அறியாது மாந்தும் மாவீரன்! "அடுத்த சோதனையில் சர்க்கரை எட்டைத் தாண்டினால் இன்சுலின் ஊசிதான்" என்ற மருத்துவரின் சூளுரையைப் பொய்யாக்கவென்று, மூன்று பகல் வயிற்றைக் காயப்போட்டு, தெருத்தெருவாய் நடந்து செருப்பைத் தேய்த்து, மதங்கொண்ட களிறென மருத்துவமனைக்குள் புகுந்தான் அவன். இதே வியூகத்தால் முன்பு எத்தனையோ ரத்தப் பரிசோதனைகளை மண்கவ்வ வைத்தவன். முடிவு வருமுன் தலைமறைவாகும் கலையிலும் கரைகண்டவன்.

அந்தோ! அன்று மேசைமேல், ரேடியோப் பெட்டி அளவே ஆன புதிய வெண்ணிறப் பகைவன் ஒருவன் வாய்பிளந்து காத்திருந்தான். நர்ஸ் விரல்நுனியில் குத்த, குன்றின்மேல் எழும் செங்கதிரென ஒரு சொட்டு ரத்தம் எழ, அதை அவள் பெட்டிக்கு ஊட்ட, பெட்டி உறுமியது.

"ரிசல்ட்டை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறேம்மா" என்று முழங்கி எழுந்தான் வீரன்.

"எங்க ஓடுறீங்க? ஆறே நிமிஷம், இங்கேயே வந்துடும்" என்றாள் நர்ஸ்.

வாசலை மறித்து, கோட்டைக்கு அகழியென நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாள் மனைவி. "உக்காருங்க பேசாம" என்றாள்.

"வரட்டுமே! மூணு நாளாப் பச்சத்தண்ணியில கிடக்கேன். இந்த டப்பாவுக்கு என்ன தெரியும்?"

"இது மூணு நாளைப் பாக்காது ஐயா. மூணு மாசத்துச் சர்க்கரையைக் காட்டும்."

இடியுண்ட நாகமென அவன் துவண்டான். குடித்த தேநீர்க் குவளைகளெல்லாம் தேர், கரி, பரி, காலாள் என அணிவகுத்துக் கண்முன் எக்காளமிட, பட்டினி கிடந்த குடல் ஒன்றுமட்டும் நியாயம் கேட்டு ஓலமிட்டது.

"அப்ப நான் வடிச்ச சோத்தை நீங்க தள்ளிவிட்டதெல்லாம் சும்மாவா? வேணும் உங்களுக்கு!" என்றாள் மனைவி.

"எத்தனை செக்போஸ்ட்ல டிமிக்கி கொடுத்தவன் நான்! கடைசியில ஒரு டப்பாகிட்ட மாட்டிக்கிட்டேன் பாரு" என்று தன்னைத்தானே எள்ளி நகைத்தான், தோள்வலி குன்றிய தோன்றல்.

பெட்டி கிணுகிணுத்தது. நர்ஸ் குனிந்து பார்த்து, வெற்றிமுரசு அறைவோள்போல் அறிவித்தாள்: "ஒன்பது புள்ளி நாலு."

திசைகள் எட்டும் அதிர்ந்தன. மின்விசிறியும் ஒருகணம் நின்று சுழன்றது.

அவன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசியை வயிற்றில் போடுவீர்களா, தொடையிலா என்று நர்ஸிடம் கேட்டான்.