நல்லவேளை அண்ணன்

நாளைக் காலை உலகம் அழியப் போகிறது என்று டி.வி.யில் சொன்னால்கூட, "நல்லவேளை சார், இன்னிக்கு இல்ல" என்று சந்தோஷப்படக்கூடிய ஒரே மனிதர், முடிச்சூரில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் வாழ்ந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரர்கூட "நல்லவேளை அண்ணன் வூடு எது?" என்றுதான் கேட்பார். திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய பைக் திருடுபோய்விட்டது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நல்லவேளை சார், நேத்தே பெட்ரோல் தீர்ந்து போச்சு. படுபாவி, தள்ளிக்கினேதான் போயிருப்பான்!"

இப்படிப்பட்டவரைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று அந்த ஐப்பசி மாதம் முடிவு செய்தது போலிருக்கிறது. மகள் தேவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்த மூன்றாம் நாள், அவளைக் கவனித்துக்கொள்ள வேண்டிய தாய் சரோஜா அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு. நான் போய் நின்றேன்.

"நல்லவேளை சார், இடது கால். வலது கால்னா தையல் மிஷின் மிதிக்க முடியாது."

உள்ளே இருந்து சரோஜா அக்காவின் குரல் வந்தது. "மிஷினுக்கு ரெண்டு காலும் வேணும்யா! இருபது வருஷமா எதிர்ல குந்திக்கினு இன்னாத்த பார்த்த?"

அன்றிலிருந்து சமையல் அண்ணன் கைக்குப் போனது. வெங்காயம் நறுக்கினால் கண் எரிகிறது என்று வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் எது வெங்காயம், எது உருளைக்கிழங்கு என்று தெரியாமல், கைக்கு அகப்பட்டதையெல்லாம் நறுக்கிப் போட்டார். சாம்பாரில் பருப்பு போட மறந்ததற்கு, "நல்லவேளை, உனக்குத்தான் வாயு ஆச்சே" என்று அக்காவைச் சமாளித்தார். ஊன்றி நடக்க ஒரு வாக்கர் வாங்கும்படி டாக்டர் சொன்னபோது, "கடையில விக்கிறதெல்லாம் தகரம் சார்" என்று சொல்லி, பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்துத் தானே ஒன்று செய்து வந்தார். அதை ஆட்டோவிலிருந்து இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"இத்தப் புடிச்சிக்கினு நான் நடக்கறதா, இல்ல, நான் இத்தத் தூக்கிக்கினு நடக்கறதா?" என்றார் சரோஜா அக்கா.

"நல்லவேளை சரோஜா, புயலே அடிச்சாலும் பறக்காது."

புயல் அடிக்கவில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் தெருத் தண்ணீர் தரைத்தளத்து வீடுகளுக்குள் நுழைந்தது. தேவியை மாடியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மாவுக்கட்டோடு படியேற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த சரோஜா அக்காவுக்காக, அண்ணன் கட்டிலுக்கடியில் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து உயர்த்தினார். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டார். அக்கா வீதியுலாவுக்குக் கிளம்பிய அம்மன் மாதிரி மேலே உட்கார்ந்திருந்தார்.

"ஃபேன் பக்கத்துல கீறே. காத்து சும்மா பிச்சிக்கும்!"

"கரண்டே இல்லியேய்யா!"

"நல்லவேளை. கரண்ட் இருந்தா மண்டையில அடிச்சிருக்கும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவி தட்டை அப்படியே வைத்துவிட்டாள். வலி. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது.

அண்ணன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார். தெருக்கோடியில், ஒரு காலத்தில் இங்கே நெல் பயிரிட்ட குடும்பத்தில் இன்னும் ஒரு டிராக்டர் இருந்தது. பத்தே நிமிடத்தில் அது எங்கள் வாசலில் உறுமியது. அதற்குள் நாங்கள் நாலு பேர் சரோஜா அக்காவை நாற்காலியோடு தூக்கி எங்கள் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம். டிரெய்லரில் மெத்தை போட்டு, தேவியைப் படுக்கவைத்து, நானும் ஏறிக்கொண்டேன். அண்ணன் எழுந்து நின்று, சைரன் மாதிரி கத்தினார்.

"வழிவுடு! வழிவுடு! நான் தாத்தா ஆவப்போறேன்!"

"அப்பா, கம்முனு உக்காருப்பா! மானம் போவுது!" என்று வலிக்கு நடுவே கத்தினாள் தேவி.

ஆனால் பால்கனிகளில் நின்ற ஜனங்கள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது தெருவில் ஒரு அம்மா ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் நீட்டினார். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு மாறி, சேலையூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அண்ணன் வாய் மூடவில்லை.

அங்கே போய்த்தான் மூடியது. பிறந்தது பெண் குழந்தை. எடை குறைவு, மூச்சுவிடச் சிரமப்படுகிறது, உடனே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். தேவி நன்றாக இருந்தாள்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரம். ஒரு வார்த்தை இல்லை. அத்தனை மழைக்கும் பயப்படாத நான் அந்த மௌனத்துக்குப் பயந்தேன். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தேடிக்கினே கீறேன் சார். இதுல ஒண்ணுமே ஆப்புட மாட்டேங்குது."

அப்போது அவருடைய போன் அடித்தது. எங்கள் வீட்டிலிருந்து சரோஜா அக்கா. அண்ணன் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னாய்யா, உன் டயலாக்கக் காணோம்? சரி, நான் சொல்றேன் கேளு. நல்லவேளை, காலையிலயே வலி எடுத்துச்சு. இப்போ இங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. நல்லவேளை, ஆஸ்பத்திரியில பொறந்துச்சு. நல்லவேளை, நீ கூட கீற. அழுவாத. மூஞ்சியக் கழுவிக்கினு போய் புள்ளகிட்ட உக்காரு."

அண்ணன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மகளின் கட்டிலருகே உட்கார்ந்தார்.

மாலை நாலு மணிக்குக் குழந்தைகள் டாக்டர் வந்து, பாப்பா தானாகவே நன்றாக மூச்சுவிடுகிறாள் என்றார். அண்ணன் குதித்த குதியில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. டாக்டரைக் கட்டிப்பிடித்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். வாட்ச்மேனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளங்கை அளவுதான் சார் கீது. ஆனா கத்தறது அப்படியே சரோஜா!" என்றார்.

தண்ணீர் வடிந்து, மாவுக்கட்டுப் பிரித்து, பேத்தி தவழ ஆரம்பித்த பிறகு, அவர்கள் பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தரைத்தளத்துக்கு இப்போது ஐ.டி.காரர் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். காலையில் குட்மார்னிங் சொல்வார்.

எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எதிலும் எந்தப் பழுதும் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை நல்ல தாழ்ப்பாள் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திருமுடிவாக்கம் போகிறேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார்.